ஒரே தாம்பாளத்தில் ஐந்து பிஸ்டல்கள்

எந்தப் பிஸ்டலுக்கும் பொருந்தும் பாகங்களை வகைவாரியாக வைக்க வேண்டும். ஒரு பிஸ்டலுக்கென்றே இழைத்துப் பொருத்திய பாகங்களை அதன் எண்ணோடு தனியே வைக்க வேண்டும். இரண்டும் ஒரு தட்டில் சேரக் கூடாது. நான் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த காலம் முழுவதும் விதி இதுதான். ஆயுத பூஜைக்கு விலக்கு உண்டென்று அதில் எங்கும் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு பாளையம்பட்டியில் தனியாக இருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஓசூரிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சாப்பிட்டாச்சா என்பாள், ஆச்சு என்பேன். அந்த உரையாடலுக்கு ஒரு படிவம் அச்சடித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலையில் துப்பாக்கி சுடும் சங்கத்தின் செயலாளர் வீடு தேடி வந்தார். பந்தல்குடிப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர், என்னைவிட இளையவர். பூஜைக்காகச் சங்கத்தின் ஐந்து பிஸ்டல்களையும் பிரித்துத் துடைத்து, ஒரே தாம்பாளத்தில் பரப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கைக்கூட விடவில்லை. மறுநாள் திரும்பப் பூட்டியபோது ஒன்றில், குழலின் மேல் முன்னும் பின்னும் ஓட வேண்டிய ஸ்லைடு முக்கால் தூரம் வந்து நின்றுவிட்டது. இன்னொன்றில் போகவே இல்லை.

"அஞ்சும் ஒரே மாடல்தானய்யா. எதை எதுல போட்டா என்னன்னு நெனச்சுட்டோம்."

"சுண்டல் வச்சீகளா?"

"வச்சோம்யா."

"அது மட்டும் முறைப்படி நடந்திருக்கு" என்று சொல்லிச் சட்டையை மாட்டினேன்.

சங்கத்தின் பின்னறையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். வார நாட்களில் அங்கே யாரும் வருவதில்லை. காவல்காரர் மட்டும் உண்டு. எண் வெட்டிய பள்ளங்களில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். குழலும் ஸ்லைடும் எண் தெரிந்ததும் இடத்துக்குப் போயின. எண்ணில்லாத சிறு துண்டுகளைத் தேய்ந்த தடம் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். ஆணி, திருகு, கைப்பிடித் தகடு எல்லாம் எதற்கும் பொருந்துகிற ரகம். வகைக்கு ஒரு பை, பைக்கு ஒரு அட்டை.

நான் இந்த ரகம்தான் என்று ஓய்வு பெற்ற மறுநாள் தெரிந்தது. என் நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைத்தார்கள். எங்கும் இழைக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் இருந்தவள் மற்ற ரகம்.

வேலையை நான் விரைவுபடுத்தவில்லை. மதியம் காவல்காரர் டீயோடு வந்து எதிரே உட்காருவார். அவருக்கு ஒரு கவலை இருந்தது.

"சாமி கும்பிட்டது குத்தமாயிருமா சார்?"

"கும்பிட்டது குத்தமில்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தாம்பாளம் வச்சுக் கும்பிடுங்க."

"அஞ்சு தாம்பாளத்துக்கு எங்க போக?" என்று கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு டீ ஊற்றினார். மழை வருமா, மகன் வருவானா என்று அவர் பேச்சு போகும். அன்றைக்குப் பேசும் ஆள் எனக்கு அவர் ஒருவர்தான்.

வேலை ஒருநாள் முடிந்தே போனது. ஐந்தும் சரியாக ஓடின. செயலாளர் பொன்னாடை போர்த்தி, "தேவைன்னா கூப்பிடுறோம்யா" என்றார். அலுவலகத்தில் கோப்பை மூடும் வாக்கியம் அது. நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதனால் எழுத்து மூலம் விண்ணப்பித்தேன். மாதம் ஒருமுறை பாகங்களைச் சரிபார்க்க அனுமதி வேண்டும், சம்பளம் வேண்டாம், பஸ் செலவு என்னுடையது. டவுன் பஸ்ஸில் போய்க் கையில் கொடுத்திருக்கலாம். முறை என்று ஒன்று இருக்கிறதே, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் அட்டை மட்டும் வந்தது. மழை பெய்து, கரிசல் காய்ந்து, வெடித்து, மறுபடி விதைப்பு வந்தது. தபால்காரர் என் கதவருகே வேகம் குறைப்பதை நிறுத்திவிட்டார். ஞாயிறு போன் மட்டும் தவறவில்லை.

அப்புறம் செயலாளரே வந்தார். கையில் சுண்டல் பொட்டலம், விரலிடுக்கில் சந்தனம்.

"மாசாமாசம் வாங்கய்யா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "இந்த மாசத்துக்கு இப்பவே வந்தா நல்லது."

எழுத்தில் வேண்டும் என்றேன். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. நானே பேனாவை எடுத்து இட்டுக்கொண்டேன்: ஆயுத பூஜைக்கு மறுநாள்.