கண்ணாடிக்கு முன்னால் ஒரு கறுப்பு பீர்

மதுரை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. பேரையூரில் எஸ்.டி.டி. பூத்துக்கு அடுத்த சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு முன்னால், பவுடர் டப்பாவுக்கும் படிகாரத்துக்கும் நடுவே, திறக்காத வெளிநாட்டு பீர் பாட்டில் ஒன்று நிற்கிறது. உள்ளே தார் மாதிரிக் கறுப்பு. கடைக்காரர் முருகேசனின் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம்.

"இதை அடிச்சுக்க உலகத்துலயே வேற பீர் கிடையாதுண்ணே," என்கிறார் முருகேசன், என் தாடையில் நுரை தடவியபடி.

"கலரைப் பாத்தாலே தெரியுதுல்ல மாப்ள," என்கிறார் பெஞ்சில் இருப்பவர், பக்கத்தில் இருப்பவரிடம். அவரும் தலையாட்டுகிறார். மூவரில் ஒருவரும் அதைக் குடித்ததில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "இதை நான் சிங்கப்பூர்ல குடிச்சிருக்கேன். சுமாராத்தான் இருக்கும்," என்று சொல்லிவிடுகிறேன்.

கத்தி என் தொண்டையருகே நிற்கிறது. முருகேசன் பாட்டிலைப் பார்க்கிறார், பிறகு கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார்.

"எங்க வாங்குனீங்க?"

"கடையிலதான். அங்க எல்லாக் கடையிலயும் கிடைக்குது."

அவர் முகம் தெளிகிறது. "அதானே பாத்தேன். கடையில கிடைக்கிறது அப்பிடித்தாண்ணே இருக்கும். இது மச்சினன் கொண்டாந்ததுல்ல."

கத்தி மறுபடி இறங்குகிறது.