விதைச்சோளத்தின் நெடி

1. எழுமலைப் பக்கம் புதிதாகச் சோளம் விதைத்த ஒரு மானாவாரிக் காட்டில் மயில்கள் செத்துக் கிடந்தன.
2. பறவை ஆய்வாளரான என்னை வனத்துறை அழைத்தது.
3. கால்நடை மருத்துவர் ஒரு மயிலின் இரைப்பையைத் திறந்தார். உள்ளே மருந்து பிசறிய விதைச்சோளம்.

அந்த நெடி எனக்குத் தெரியும். விதைப்பு நாளில் அப்பா முற்றத்தில் சாக்கை விரித்து, சோளத்தில் மருந்தைப் பிசறுவார். நான் அருகே ஓடினால், மருந்தில் சிவந்த இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார்.

"கிட்ட வராத தாயி. எறும்பு திங்காம இருக்கப் போடுற மருந்து."

"சாமி வந்த மாதிரி நிக்கிறாரு பாரு உங்கப்பா" என்று அம்மா சிரிப்பாள். எவ்வளவு கழுவினாலும் கையில் நெடி போகாது. அன்று அவருக்கு அம்மாதான் சோறு ஊட்டிவிடுவாள்.

மயிலைக் கொன்றதாகப் பிடித்து வைத்திருந்த காட்டுக்காரருக்கும் அப்பா வயதுதான். ஆழமில்லாமல் மேலாக விதைத்திருந்தார், மயில்கள் கிளறித் தின்றிருக்கின்றன.

"எறும்புக்குத்தாம்மா போட்டேன். மயிலுக்கு வைப்பேனா? நீங்களாச்சும் சொல்லுங்க."

வனவரிடம் சொன்னேன்.

"இருக்கலாம் மேடம். அதைக் கோர்ட்டுல சொல்லட்டும். எதுனால செத்துச்சு, அதை மட்டும் எழுதுங்க."

விதையில் இருந்த மருந்தால் இறந்தன என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது உண்மை.

மிச்ச விதை முளைத்துவிட்டது. அவர் இன்னும் சிறையில் இருக்கிறார்.