கண்ணாடியில் பழுப்பேறிய ரேகை

மலேசியாவின் கூலிமில் எங்கள் தொழிற்சாலை தொடுதிரைக் கண்ணாடிகள் செய்கிறது. அவற்றின் மேல் கண்ணுக்கே தெரியாத ஓர் ஆக்சைடு பூச்சு உண்டு. திரையில் மின்சாரம் அதன் வழியாகத்தான் ஓடும். அந்தப் பூச்சு எவ்வளவு காலம் தாங்கும் என்று சோதிப்பது என் வேலை.

போன மழைக்காலத்தில் வாடிக்கையாளரிடமிருந்து ஏழெட்டுக் கண்ணாடிகள் திரும்பி வந்தன. ஓரங்களில் பழுப்புத் திட்டு. வியர்வை உப்பு பட்ட இடத்தில் ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் பூச்சு அரித்துப்போகும். யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள்.

மெர்போக் ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் அக்கா ஒருவர், கையுறை போட்டால் கையெல்லாம் அரிக்கிறது என்று அடிக்கடி சொல்வார். எனக்கு அது போதும். கையுறையைக் கழற்றியவர் அவர்தான் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். மேனேஜர் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்.

"நான் கழட்டவே இல்ல தம்பி," என்றார் அக்கா. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதே தொகுப்பில் அனுப்பாமல் மிச்சமிருந்த கண்ணாடிகளை ஈரச்சூட்டுப் பெட்டியில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். நான்காம் நாள் மத்தியானம் ஒன்றை வெளியே எடுத்தேன். மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாகப் பழுப்பேறியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரேகைகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. கீறல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என் கையுறையைக் கழற்றினேன்.

சார்டின் மீன் டின் மூடி எப்போதோ வெட்டிய தழும்பு என் கட்டைவிரலில் அதே சாய்வில் இருந்தது.

திரும்பி வந்த கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழிந்தது போக மிஞ்சிய ரேகையிலும் அதே வெட்டு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க விருந்தினர்கள் வந்த அன்று என் கையுறை கிழிந்துபோயிருந்தது. எவ்வளவு தெளிவு பாருங்கள் என்று நான்தான் அந்தத் தொகுப்புக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.

"கேஸ் முடிஞ்சிருச்சு லா, ஏன் திறக்கிற?" என்றார் மேனேஜர். என் பெயரைப் போட்டுப் புது ரிப்போர்ட் கொடுத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் எடுத்த ரேகைப் படத்தோடு பேக்கிங்குக்குப் போனேன்.

அக்கா படத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"நீ ஏதோ பார்த்துட்டுத்தான் எழுதினேன்னு இத்தனை நாளா நெனச்சேன்," என்றார். "பார்க்காமலா எழுதின?"

மறுவாரம் அவருக்கு ரப்பர் கையுறைக்கு உள்ளே போட பருத்திக் கையுறை கொடுத்து, பழைய இடத்திலேயே உட்கார வைத்தார்கள். என்னிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசுகிறார். தம்பி என்று கூப்பிடுவதில்லை.