கிள்ளான் பெட்டிக்குக் கோப்பி கொடுக்கவில்லை

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி எனக்கு நிறுவனத்தின் வாட்சாப் குழுவில்தான் வந்தது. அனுப்பியவர் முதலாளி. "பாதுகாப்புக்கு இன்னொரு பெயர் ஸ்டெல்லா" என்று எழுதி, கைகூப்பும் படங்களை வரிசையாகப் போட்டிருந்தார். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர். ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் பட்டறையின் பொறியாளர். ஓட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் வெந்நீரை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை நாங்கள் செய்கிறோம். கொதிகலனிலிருந்து குளியலறைக்கு வெந்நீர் போகும் வழியில் ஒரு வால்வு உண்டு. காலையில் அதைத் திறக்கச் சொல்வது கடிகாரம். இறுகிப்போகாமல் இருக்க வாரம் ஒருமுறை வால்வு தானாகவே முழுவதும் திறந்து மூடும்; அதுதான் வாராந்திர ஓட்டம். ஆள் திறப்பதற்குக் கை சுவிட்ச். சூடு அளவு மீறினால் அடைக்கச் சொல்வது சென்சார். எல்லாம் ஒரே நேரத்தில் உத்தரவு போட்டால் வால்வு யார் பேச்சைக் கேட்பது? சென்சார் பேச்சைத்தான் என்பார் அக்கா. அதில் அவரிடம் பேரமே கிடையாது.

வேலைக்கு வந்த புதிதில், வேறு யாரோ செய்த பெட்டியைப் பழுதுபார்க்க ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தார். நோயாளிகளைக் குளிப்பாட்டும் நேரத்தில் வாராந்திர ஓட்டம் வந்து வால்வு முழுதாகத் திறந்துகொண்டதில், ஒரு தாதியின் கை வெந்துபோயிருந்தது. "நோயாளி மேல ஊத்துறதுக்கு முன்னாடி அந்தப் பிள்ள கைய வெச்சுப் பாத்திருக்கு. பாக்காம ஊத்தியிருந்தா?" என்று எங்களிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

அதன்பின் வந்ததுதான் கோப்பிச் சோதனை. ஒரு பெட்டி லோரி ஏறும் முன் எதிர்க் கடையில் பால் சேர்க்காத கோப்பி-ஓ இரண்டு வாங்குவார். "அண்ணே, ஒண்ணுல சீனி வேணாம். அது சென்சாருக்கு, அதுக்கு இனிப்பு நீர் வியாதி லா" என்று கடைக்காரரைச் சீண்டுவார். கடிகாரம், வாராந்திர ஓட்டம், கை சுவிட்ச் மூன்றையும் திறக்கும்படி வைத்துவிட்டு, சென்சாரைச் சுடச்சுட இருக்கும் கோப்பிக்குள் அமுக்குவார். வால்வு அடைத்த பிறகே தன் கோப்பியைத் தொடுவார்.

இந்த வருடம் பூச்சோங்கில் ஓர் ஓட்டல்காரர், சுவிட்சைப் போட்டாலும் வால்வு மூடிக்கொள்கிறது என்று புகார் சொன்னார்.

"கஸ்டமர் கேக்குறான், மாத்திக் குடு லா. இனிமே எல்லாப் பெட்டியிலயும் சுவிட்சுதான் மொதல்ல" என்றார் முதலாளி.

"சுவிட்சப் போட்டுட்டு சாப்பிடப் போயிருவாங்க பாஸ். கொதிக்கிற தண்ணி அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்குமா?"

முதலாளி விட்டுக்கொடுக்கவில்லை. அக்காவைச் சோதனை மேசையிலிருந்து தூக்கி, முன் அலுவலகத்தில் போன் எடுக்க உட்கார வைத்தார். அப்போதும் தேநீர் வேளையில் பட்டறைக்குள் வந்துவிடுவார் அக்கா. கடைசியாக வந்தபோது கிள்ளான் முதியோர் இல்லத்துக்கான பெட்டி மேசையில் இருந்தது.

"இதுக்குக் கோப்பி குடுத்தியா, மணியம்?"

"இன்னும் இல்லக்கா."

"சரி, நாளைக்கு நானே வரேன்."

மறுநாள் விடியும் முன்னே அவருடைய இதயம் நின்றுவிட்டது.

தேவாலயத்தில் முதலாளி மைக்கைப் பிடித்து, அவர் காட்டிய வழியில் நடப்போம் என்று தழுதழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லறையிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். லோரி வந்து நின்றிருந்தது. சீனியில்லாமல் ஒரு கோப்பி வாங்கி, சென்சாரை அமுக்கினேன். கை சுவிட்ச் திறந்திருக்கச் சொன்னது. வால்வு திறந்தே இருந்தது. கோப்பி ஆறும்வரை நின்று பார்த்தேன். அது அடைக்கவே இல்லை.

பெட்டிக்கு மூளை போன்ற கட்டுப்பாட்டு மின்னட்டையைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்; அது இல்லாமல் பெட்டி ஓடாது. முதலாளி போனில் கத்தினார்: "லோரி நிக்குது, என்ன பண்றே நீ?"

"அக்கா வழியில நடக்குறேன் பாஸ்" என்றேன்.

அட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வேலை போனால் போகட்டும். அந்த இல்லத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டெல்லா அக்கா, முன் அலுவலகத்தில் உங்கள் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அதைப் போட்ட கையாலேயே முதலாளி ஒரு கோப்பி வாங்கி வரட்டும், சென்சாரை அவரே அமுக்கட்டும். வால்வு அடைப்பதைப் பார்த்த பிறகு உங்களுக்கு விடை கொடுக்கிறேன். அதுவரை என்னால் முடியாது அக்கா.