வண்டிக்குள் அடித்த வாசனை

அந்த டிரைவரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சமாதானமாகிவிடுவோம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆகவில்லை.

தண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு தனியார் லேபில் சாம்பிள் எடுப்பது என் வேலை. பொம்மசந்திரா ஃபேக்டரிகளின் கழிவுநீர், எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மெண்ட்களின் போர்வெல் தண்ணீர், பி.ஜி. ஹாஸ்டல்களின் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் என்று பாட்டில் பாட்டிலாகப் பிடித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, சாயங்காலத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். அதற்கென்று ஒரு பிக்கப் வண்டி உண்டு. பெட்டிகள் எல்லாம் பின்னால் திறந்த தொட்டியில் போய்விடும். முன்னால் இரண்டே சீட். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். வெளியில் எல்லோரிடமும் கன்னடம்தான் பேசுவார். முதல் நாள் ஓசூர் ரோட்டில் ஏறியதும் வீடு எங்கே என்று கேட்டார். ஆஸ்டின் டவுன் என்றேன். ஆஸ்டின் டவுனில் எந்தப் பக்கம் என்றார். சொன்னேன். சர்ச்சுக்குப் போகிறவர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எந்தக் கோயில் என்றார். எங்கள் வீட்டில் புத்தர் படம்தான் இருக்கிறது என்றேன். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லை அவ்வளவு அலட்சியமாக ஒருவரால் சொல்ல முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

மதியச் சாப்பாட்டை நான் வண்டிக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். வேறு வழியில்லை. ஃபேக்டரி கேன்டீனில் வெளியாளை விடமாட்டார்கள். ரோட்டோரத் தள்ளுவண்டிகளில் ஆண்கள் நின்றபடி சாப்பிடுவார்கள். நான் போய் நின்றால் அவரவர் தட்டை மறந்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். டிரைவர், பக்கத்தில் ஏதாவது வெஜ் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வருவார். எனக்கு டப்பா கட்டிக் கொடுப்பது என் வீட்டுக்காரர். அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் மதிய ஷிப்டில் வேலை செய்கிறவர், காலையில் வீட்டுச் சமையல் அவருடையது. மீன் குழம்பு இருக்கும், சில நாள் மாட்டுக்கறி வறுவல் இருக்கும், கருவாட்டுத் தொக்கு இருக்கும். எதுவும் இல்லாத நாளில் முட்டை.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் வண்டிக்குள் ஒரு நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. முதலில் ஈரத்துணி நாற்றம் மாதிரி இருந்தது. பிறகு கனத்துக்கொண்டே போனது. ஏ.சி. போட்டால் தொண்டை வரைக்கும் இறங்கும். ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகையும் தூசியும். எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் டேஷ்போர்டின் மேல் ஒரு எலுமிச்சை வாசனைப் புட்டி வைத்தார். இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாகிவிட்டது.

ஒரு நாள் நான் சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடும்போது அவர் வந்து கதவைத் திறந்தார். ஏறாமல் அப்படியே நின்றார். பிறகு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க சாப்பாடு சீட்டுலயே ஊறிப்போச்சு. இனிமே அதெல்லாம் வண்டியில கொண்டாராதீங்க."

எதெல்லாம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முகம் சுட்டது, அவ்வளவுதான். அன்றைக்கு மிச்ச சாம்பிள்களை எடுக்கும்போது ஒரு பாட்டிலை உடைத்துவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து டப்பாவில் எலுமிச்சை சாதம், தயிர் சாதம். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். மறுநாள் அவராகவே ரசத்தில் மிளகைக் குறைத்தார். வயிறு இப்போது தேவலையா என்று தினமும் விசாரித்தார். அவரிடம் பொய் சொல்ல வேண்டி வந்ததுதான் எல்லாவற்றையும்விட என்னை எரிச்சல்படுத்தியது.

நாற்றம் போகவில்லை. தயிர் சாதம் கொண்டுபோன நாளிலும் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி சும்மா நின்று, திங்கள் காலை ஏறியபோதும் அடித்தது. டிரைவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. பழைய நாற்றம், போகாது, சீட் கவரை மாற்றினால்தான் போகும் என்றார்.

அந்த வாரமே பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரி கேட்டில் பதிவுக்காக நின்றோம். செக்யூரிட்டி ஒருவர் பேப்பரை வாங்க ஜன்னல் பக்கம் குனிந்தார், மூக்கைச் சுளித்தார். டிரைவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் தலையைச் சாய்த்து, மேடத்தின் டப்பா வாசனெ என்று கன்னடத்தில் சொன்னார். தமிழில் வாசனை என்றால் பூ, சந்தனம். கன்னடத்தில் சும்மா வாசனெ என்றாலே பெரும்பாலும் நாற்றம்தான். நான் இந்த ஊரில் பிறந்தவள், எனக்குக் கன்னடம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். செக்யூரிட்டிகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மடியில் அன்றைக்கும் எலுமிச்சை சாதம்தான் இருந்தது.

அன்று இரவு எனக்குக் கோபம் வந்ததே தவிர அழுகை வரவில்லை. கோபம் வந்தபிறகுதான் மூளை வேலை செய்தது. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்கு லேபில் சம்பளம் கொடுக்கிறார்கள். தண்ணீர் நாறினால் தொட்டியா, பைப்பா, போரா என்று ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்போம். அதையே இங்கே ஏன் செய்யவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே லேபுக்குப் போய்ச் சாவியை வாங்கினேன். கதவுகளை மூடிக்கொண்டு வண்டிக்குள் சும்மா உட்கார்ந்தேன். நாற்றம் லேசாகத்தான் இருந்தது. சீட்டில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ரெக்ஸின் வாடை, அவருடைய தலை எண்ணெய் வாடை. பிறகு ஃபேனைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு நேரே வந்து அடித்தது. காற்று வருகிற வழியில்தான் இருக்கிறது. டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வண்டியின் புத்தகம் கிடந்தது. வெளிக்காற்று உள்ளே வரும் பாதையில் ஒரு ஃபில்டர் இருக்கிறதென்றும், அது அந்தப் பெட்டிக்குப் பின்னாலேயே இருக்கிறதென்றும் படம் போட்டிருந்தது. எங்கள் வண்டி எப்போதும் காம்பவுண்டில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும், சருகெல்லாம் அந்தப் பாதைக்குள்தான் விழும்.

சாயங்காலம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டுக்குப் போய் அந்த மாடலுக்கு ஃபில்டர் கேட்டேன். கடைக்காரர் எந்த கேரேஜ் என்று கேட்டார். நானேதான் மாட்டப்போகிறேன் என்றேன். கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார்.

மறுநாள் காலை மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டேன். சாம்பிள் எடுக்கப் போடுகிற அதே கையுறை. டேஷ்போர்டு பெட்டியில் இருந்த சாமான்களை எடுத்துச் சீட்டில் வைத்தேன். பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் அது கீழே தொங்கிவிடுகிறது. பின்னால் ஒரு நீள மூடி இருந்தது. இரண்டு கிளிப். ஒன்று சுலபமாக வந்தது, இன்னொன்று என் நகத்தை உடைத்துவிட்டுத்தான் வந்தது. மூடியைக் கழற்றியதுமே மாஸ்க்கையும் தாண்டிக் குமட்டியது.

ஃபில்டர் மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டும். இது கறுத்து, ஒரு பக்கம் முழுக்கக் கடித்துக் குதறிக் கிடந்தது. அதன்மேல் பஞ்சும், இலைச் சருகும், டிஷ்யூ பேப்பரும் சேர்த்துக் கட்டிய கூடு. கூட்டுக்குள் ஒரு சுண்டெலி, பாதி காய்ந்தும் பாதி காயாமலும். மழைக்கு ஒதுங்கி வந்து அங்கேயே செத்திருக்கிறது. அதன் மேலாக வந்த காற்றைத்தான் இவ்வளவு நாளும் நாங்கள் இரண்டு பேரும் சுவாசித்திருக்கிறோம்.

அதை அப்படியே பெரிய சாம்பிள் கவரில் போட்டு வாயைக் கட்டினேன். ஃபில்டர் இருந்த இடத்தைக் கிருமிநாசினி நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். என்ன மேடம் வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார். கவரைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் பார்த்தார். "எலி" என்றார். தூக்கிப் போடச் சொன்னார்.

"அந்த கேட்ல என்னமோ சொன்னீங்களே. அதை மாத்திச் சொல்லுங்க, போதும்" என்றேன்.

"நான் டப்பாவைத்தானே சொன்னேன். டப்பாவைச் சொன்னா உங்களைச் சொன்னதா ஆயிடுமா?"

"ஆமா. ஆகும்."

அவர் போய்ப் பின்தொட்டியில் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார். நான் புது ஃபில்டரைத் தள்ளி, மூடியைப் போட்டு, பெட்டியை ஏற்றி மாட்டினேன்.

கவரைத் தூக்கிப் போடவில்லை. பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். அன்றைக்கு அதே ஃபேக்டரிக்குப் போக வேண்டியிருந்தது. கேட்டில் இறங்கி, கவரோடு செக்யூரிட்டி அறைக்குப் போய், அன்று நீங்கள் சிரித்த வாசனெ இதுதான், எங்கள் ஏ.சி.க்குள் இருந்தது, என் டப்பாவில் இல்லை என்று கன்னடத்தில் சொன்னேன். ஒருவர் பின்னால் நகர்ந்தார். இன்னொருவர் கவரை எட்டிப் பார்த்துவிட்டு, பாவம் எலி என்றார். டிரைவர் எஞ்சினை அணைக்காமல் நேரே ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் காது சிவந்திருந்தது. எனக்கு அது போதவில்லை.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். எனக்கு முன்னாலேயே டிரைவர் அங்கே நின்றிருந்தார். கஸ்டமர் கேட்டில் செத்த எலியைக் காட்டி லேபின் மானத்தை வாங்கிவிட்டேன் என்பது புகார். மேனேஜர் நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டார், தலையாட்டினார். பிறகு இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எனக்குத்தான் எச்சரிக்கை. டிரைவர் அந்த கேட்டில் சொன்னது மட்டும் சரியா என்று கேட்டேன். சின்ன விஷயம், ஒரே வண்டியில் போகிறீர்கள், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் நேராகத் திரும்பி, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவரைக் கேட்டேன். "நாத்தம் போச்சில்ல மேடம், அப்புறம் என்ன" என்றார். மேனேஜருக்கு அது நியாயமாகப் பட்டது. எழுந்துவிட்டார்.

ராத்திரி வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிறு பொய்யையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். காலையில் டப்பாவில் கருவாட்டுத் தொக்கு இருந்தது, வழக்கத்தைவிட அதிகமாக.

மதியம் ஃபேக்டரி மதில் ஓரமாக வண்டி நின்றது. ஏ.சி. காற்று சுத்தமாக வந்தது. அன்று டிரைவர் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார். நான் டப்பாவைத் திறந்ததும் கதவைத் திறந்து இறங்கி, வெயிலில் போய் நின்றார். மூடும்வரை ஏறவில்லை. அடுத்த நாளும் அப்படியே. நாற்றமும் இல்லை, சாக்கும் இல்லை. ஆனாலும் என்னோடு உட்காரமாட்டார். அதுதான் அவர் பதில் என்று எனக்குப் புரிந்தது. நான் மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தேன். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. மூடிக் கிடந்த டீக்கடையின் தகரத்தடியில் அவர் பாதி நனைந்துகொண்டே நின்றார். நான் அவசரப்படவில்லை. கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மூடினேன்.

அவர்தான் முதலில் சோர்ந்தார். வேறு ரூட் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். அனுபவமுள்ள டிரைவர், நீங்கள் வெளியில் சாப்பிட்டால் அவர் இருந்துவிடுவார் என்று மேனேஜர் என்னிடம் தூது வந்தார். முடியாது என்றேன். அவருக்கு வைட்ஃபீல்டு பக்கம் இன்னொரு பிக்கப் கொடுத்தார்கள். எனக்கு வேறு டிரைவர் வந்தார். காம்பவுண்டில் எதிரெதிரே வந்தால் பழையவர் மரத்தைப் பார்ப்பார், நான் போனைப் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு காலை, அவருடைய புது வண்டியின் கதவு திறந்திருந்தது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, டேஷ்போர்டு பெட்டியைத் தொங்கவிட்டு, ஒரு புது ஃபில்டரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு ஒரு அம்புக்குறி உண்டு. அவர் அதைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தார். பெரிய கெடுதல் ஒன்றும் வராது. சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், காற்று சரியாக வராது.

சத்தம் கேட்டு நிமிர்ந்தார். நான் நிற்பதைப் பார்த்தார். கையில் பாதி நுழைந்த ஃபில்டரோடு, நான் ஏதோ சொல்வேன் என்பதுபோலக் கொஞ்சம் காத்திருந்தார்.

நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வண்டிக்குப் போனேன்.