கலவைமேல் போட்ட பழி

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் குண்டின் பேரில், கொத்தனாருக்குத் 'தூக்குக்குண்டு' என்று பட்டப்பெயர். அடுத்தவன் கட்டிய சுவரைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "கோணல்" என்று சொல்லாமல் அவரால் நகர முடியாது. அப்படிப்பட்டவரை, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலேயே சுவர் வைக்கக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வீட்டுப் பின்பக்கம் நிலம் வாய்க்காலைப் பார்த்துச் சரிந்து இறங்கும். சரிவில் சுவர் வைப்பதென்றால் அஸ்திவாரத்தைப் படிப்படியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் மட்டமாக இருந்தால்தான் கல் வழுக்காது. மேல்பாதியை அப்படித்தான் வெட்டினார். கீழ்ப்பாதியில் கடப்பாரை 'ணங்' என்றது. சாய்ந்த பாறை. அதை உடைத்துப் படி எடுப்பதென்றால் நாளாகும். வெளியூர் போன சம்பந்தி திரும்புவதற்குள் சுவரை நிமிர்த்திக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

பல வருஷமாக அவரோடு வேலை பார்க்கும் சித்தாள், உளியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வை அதை. பாறையைவிட உறுதி எதுக்கு இருக்கு? நீ கலவையைக் கொண்டா."

"சரிண்ணே."

சம்பந்தி வந்து பார்த்துத் தோளில் தட்டினார். அதன் பிறகு வந்த முதல் பெருமழையில் கீழ்ப்பாதி அப்படியே வழுக்கி வாய்க்காலுக்குள் போய் விழுந்தது. யாருக்கும் அடியில்லை.

செய்தி கேட்டுக் கொத்தனார் சித்தாளோடு ஓடினார். சம்பந்தி குடையைப் பிடித்துக்கொண்டு யோசனையாக நின்றிருந்தார்.

"மேல்பாதி நிக்குது, கீழ்ப்பாதி போயிருச்சு. கலவையில கோளாறோ? யாரு கலந்தது சம்பந்தி?"

மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனாரின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது.

"எல்லாத்தையும் நானே பாக்க முடியுங்களா? ஆளுகளை நம்பித்தான் விட வேண்டியிருக்கு."

சித்தாள் ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு தலைத்துணியை உதறிக்கொண்டு போய்விட்டாள். மகள் கொடுத்த டீயை அவர் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பேச்சுக்குக் கால் முளைத்துவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கிற முச்சந்தியில், ஒரு மேஸ்திரி சித்தாளைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிட்டார். "அந்தக் கலவைக்காரியா? வேணாம்ப்பா" என்று சிரித்தார். கொத்தனார் டீக்கடை மறைவில் நின்று இதைக் கேட்டார். கூட்டம் கலைந்த பிறகும் அவள் காலிச் சட்டியோடு நின்றிருந்தாள். எதிரே போய் நிற்க அவருக்கு முகமில்லை. சந்து வழியாக நழுவினார். நழுவியவரின் கால்கள் சம்பந்தி வீட்டில் போய் நின்றன.

சம்பந்தியைப் பின்பக்கம் கூட்டிப்போய் வழவழவென்று தெரிந்த பாறையைக் காட்டினார்.

"படி வெட்டாம இதுமேல கல்லை வச்சது நான்தான். கலவை நல்ல கலவை. அந்தப் பொண்ணு உளியைக்கூடக் கொண்டாந்து குடுத்துச்சு."

சம்பந்தி குனிந்து பாறையைத் தடவிப் பார்த்தார்.

"சுவர் விழுறது சகஜம். ஆனா அந்தப் பொண்ணு நிக்கையில சொல்லியிருக்கலாமே சம்பந்தி."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் மகளின் வளையல் சத்தம் கேட்டது. அவர் நிமிரவில்லை.

மறுநாள் காலை முச்சந்தியில், நாலு மேஸ்திரிகள் நடுவே அதையே உரக்கச் சொன்னார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். "தூக்குக்குண்டே கோணிப்போச்சு" என்றார் ஒருவர். அன்றைக்கே சித்தாளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது.

"என்கூடவே வந்துரும்மா" என்று கேட்டுப் பார்த்தார்.

"இருக்கட்டுங்க மேஸ்திரி" என்றாள் அவள். அண்ணன் என்ற சொல் அதோடு போயிற்று. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

வேறு ஆளை வைத்துக்கொண்டு பாறையை உடைத்தார். கை கொப்பளித்தது. படி எடுத்து, மட்டம் பார்த்து, கல்லுக்கு மேல் கல் வைத்து, தண்ணீர் வடிய இடையிடையே ஓட்டையும் விட்டார். அடுத்தடுத்த மழைகளில் சுவர் அசையாமல் நின்றது.

மகளைப் பார்க்க இப்போதும் வருகிறார். வந்தால் முன்வாசலோடு சரி.

"பின்னாடி கொடி போட்டிருக்கேன்ப்பா, பூசணி சுவர் மேல ஏறிருச்சு. வந்து பாருங்களேன்" என்று மகள் கூப்பிடுவாள்.

"இன்னொரு நாள் பாக்கறேம்மா" என்று செருப்பை மாட்டிக்கொள்வார்.