எலியும் மழையும் சேராத காகிதம்

கார் என் பேரில் இருக்கிறது. பெண் பேரில் எடுத்தால் பேங்கில் வட்டி குறைவு என்று மகன் அப்படி எழுதினான். மற்றபடி அதன் முன் சீட்டில்கூட நான் உட்கார்ந்ததில்லை. அவன் அதை வாடகைக்கு ஓட்டுகிறான். தாராவியில் எங்கள் வீட்டு நாலு பேருக்கும் அந்த வண்டி ஓடினால்தான் சோறு.

கம்பெனியின் மூன்று வருட வாரண்டி முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்கு வாங்கிப் போடலாம், கையெழுத்துக்கு நீ வரவேண்டும் என்றான். அவனோடு வண்டி ஓட்டும் ஒருவன் கியர்பாக்ஸ் போய் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பயம் இவனைப் பிடித்துக்கொண்டது.

ஷோரூம் செம்பூரில். தரையில் முகம் தெரியும். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் நின்றேன். அந்நிய மனிதர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. ஐந்தாம் வகுப்பில் டீச்சர் எழுப்பிக் கேட்டால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது சேலைத் தலைப்பு, அவ்வளவுதான்.

கார் விற்ற அதே ஆள்தான் இதையும் விற்றான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழன். மகனிடம் இந்தியில் அரைமணி நேரம் பேசினான். நான் அங்கே இருந்த பூந்தொட்டிகளில் ஒன்று. கையெழுத்து என்று வந்ததும்தான் என் பக்கம் முகம் திரும்பியது.

“மாமி, ஓனர் நீங்கதானே. இங்க ஒரு சைன் போடுங்கோ. அப்புறம் டென்ஷனே இல்ல.”

மாமியாம். எங்கள் சந்தில் என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“நாலாவது வருஷத்துலதான் மாமி ஒண்ணொண்ணா போக ஆரம்பிக்கும். ஏசி, ஸ்டியரிங், கியர்பாக்ஸ்.”

பத்து வருடத்துக்கு ஸ்பேனரே தொடவேண்டாம் என்று சொல்லி, பேடா கொடுத்து, சாவியை என் கையில் வைத்துப் படம் பிடித்ததும் இவன்தான். மகன் காதில் சொன்னேன்.

“எலே, அன்னைக்கு ஒண்ணும் ஆவாதுன்னான். இன்னைக்கு எல்லாம் போயிரும்ங்கான். எது பொய்னு கேளு.”

“சும்மா இரும்மா. மானத்த வாங்காத.”

அந்த இடத்துக்குப் போனால் அவனுக்கு முதுகு தானாக வளைகிறது. வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுகிறவன், காகிதக் கப்பில் கொடுத்த ஆறிப்போன காப்பியை ‘தேங்க்யூ சார்’ சொல்லிக் குடித்தான்.

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். காகிதம் முழுக்க இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியாது. மகனுக்குத் தெரியும், படிக்கவில்லை. மூன்று வருடத்தில் எங்கள் வண்டி நின்றது மூன்று தடவை. இரண்டு தடவை எலி வயரைக் கடித்தது, ஒரு தடவை மழைத் தண்ணீர் புகுந்தது. மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“எலி கடிச்சா இதுல உண்டுமா?”

“என்ன மாமி?”

“வயர எலி கடிச்சா.”

அவன் மகனைப் பார்த்துச் சிரித்தான். “எலி இதுல வராது மாமி.”

“மழைத் தண்ணி பூந்தா?”

“தண்ணியும் வராது. அதெல்லாம் இன்சூரன்ஸ்ல கேக்கணும்.”

“எங்க தெரு மெக்கானிக் கை வச்சா?”

“வெளி ஆள் தொட்டா வாரண்டியே போயிடும் மாமி.”

பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். “எங்க வண்டிக்கு வார சீக்கு எதுக்கும் இவுககிட்ட மருந்து இல்ல. எந்திரில, போவோம்” என்றேன்.

“இந்த வாரம்தான் ஆஃபர்” என்றான் அவன், என்னிடம் அல்ல. மாமி போய்விட்டாள், நான் மறுபடி பூந்தொட்டி.

சயான் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு மகன் பின் சீட்டுப் பக்கம் திரும்பினான்.

“கியர்பாக்ஸ் போச்சுன்னா நீயாம்மா வந்து தள்ளுவ?”

“தள்ளுதேன்.”

எலி அண்டாமல் இருக்கப் பானட்டுக்குள் புகையிலை வைக்கிறேன். மழைத் தண்ணீர் ஏறினால் வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி விரட்டுகிறேன். ஆனால் காலையில் அவன் வண்டியைக் கிளப்பும்போது, குழாயடியில் குடத்தை அப்படியே விட்டுவிட்டு, கியர் மாற்றும் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தை மட்டும் ஷோரூம்காரன் காசு வாங்காமல் கொடுத்து அனுப்பிவிட்டான்.